கூட்டறிக்கை: தமிழ்ப் பிரதி

முன்பள்ளி மண்டபத்தில் கூட்டம்.
பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் நாடியில் முட்ட
பெரியவர்கள் நாற்பத்துமூன்று பேர்.
பொறியியலாளர் வரைபடத்தை விரித்தார்.
அதில் தெமட்டகொடை வாய்க்கால்
அடிமட்டம் வைத்து இழுத்த நீலக் கோடு.
மணமில்லை. மெத்தை எதுவும் மிதக்கவில்லை.

நான் மாநகர சபை மொழிபெயர்ப்பாளர், தரம் இரண்டு.
அவர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழாக்குவேன்.
தமிழில் கேட்பதைச் சிங்களமாக்க
பெரும்பாலும் நேரம் இருக்காது.

"மக்கள் பங்களிப்பு" என்றார்,
பதினொரு தடவை.
குப்பையைத் தரம் பிரியுங்கள்.
கானுக்குள் சொப்பிங் பேக் போடாதீர்கள்.
சனிக்கிழமை சிரமதானம், கையுறை தருவோம்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
அந்தக் கதிரையில் இருந்துகொண்டு
வேறெதை ஆட்டுவது?

தோட்டம் என்று பெயர்.
மரம் ஒன்றும் இல்லை, நூற்றுப்பன்னிரண்டு வீடு.
கடைசி வீட்டு ரம்ஸியா எழும்பினாள்.
கதிரையும் கூடவே எழும்பியது, தட்டிவிட்டாள்.

"குப்பை எங்கடதுதான், இல்லையெண்டு சொல்லல்ல.
ஆனா வாய்க்கால் ஏறினா
தண்ணி எங்கட கானாலதான் திரும்பி வருது.
மதகை இறக்கினா நிக்கும்.
சக்கரத்தில ஆமப்பூட்டு போட்டு ஈக்கி.
திறப்பு உங்கட ஒபிஸில.
ஒபிஸ் நாலேகாலுக்குப் பூட்டுது.
மழை ராவைக்குத்தானே வருது?"

யாரோ சிரித்தார்கள்.
பிளேன்டீ வந்தது, மாரி பிஸ்கட்டோடு.

சிங்கள அறிக்கை என் மேசைக்கு வந்தபோது
ஆறாம் விடயம்: மக்கள் ஒத்துழைக்க உறுதியளித்தனர்.
ஏழாம் விடயம்: நன்றியுரை.
இடையில் ஒரு வரி வெள்ளை.

அந்த வெள்ளையில்
தமிழ்ப் பிரதியில் மட்டும்
தட்டச்சு செய்தேன்:
6(அ). மதகின் திறப்பு ஒன்று வாய்க்கால் கரையிலேயே
இருக்க வேண்டுமெனக் கூறப்பட்டது.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

யார் கூறியது, யார் ஏற்றது?
செயப்பாட்டு வினைக்கு முகம் கிடையாது.
இருபது வருட அரச சேவை
எனக்குக் கற்பித்த இலக்கணம் அது.
யாராவது கேட்டால்
'திறப்பு விழா' பற்றியது என்று தப்பிவிடலாம்,
எங்கள் தமிழ் அவ்வளவு தாராளம்.

ஒருவரும் கேட்கவில்லை.
எப்போதும் போல வாசிக்காமலே ஒப்பமிட்டார்.
தமிழ்ப் பிரதியை வாசிப்பவர்கள் இல்லை
என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்றாம் வாரம்
சோலைவரி வரிசைக்குப் பக்கத்தில் ரம்ஸியா,
அறிக்கையை லெமினேற் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள்.
6(அ)வுக்குக் கீழே சிவப்புக் கோடு.

என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்.
சிங்களத்தில் வாசித்தேன்.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் கிறீச்சிட்டது.
தன் கையொப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் கையொப்பத்தை.
"இதை நான் ஏற்றுக்கொண்டேனா?"
"ஏற்றுக்கொள்ளப்பட்டது, சேர்."

நெடுநேரம் கழித்து
லாச்சியை இழுத்தார்.

ஐப்பசி.
கொட்டாஞ்சேனையில் என் தகரத்தின் மேல் மழை.
வேலை போகுமா என்று ஒரு யோசனை,
அவள் எழும்பியிருப்பாளா என்று இன்னொன்று.
எது முதலில் வந்தது என்று
இங்கே சொல்லமாட்டேன்.

மாத முடிவில் ஓர் அப்பியாசக் கொப்பி வந்தது,
ஓரம் ஈரத்தில் ஊதியிருந்தது.
பொறியியலாளர் அதை என்னிடம் தள்ளி
சிங்களமாக்கித் தரச் சொன்னார்.
"ஒரு சொல்லும் கூட்டாமல்" என்றார்.

1.40 மதகு இறக்கினது. நான், பக்கத்து வீட்டு சந்திரலதா,
அவட மகன்.
2.15 மெத்தை ஒண்டு சிக்கிட்டுது. இழுத்தம்.
4.10 திறந்தது. மூண்டு வீட்டுக்குள்ள தண்ணி,
போன வருசம் முப்பது.
கையுறை இன்னும் வரல்ல.